மாறாத மாறி

உன் மேசை இழுப்பறையைத் திறந்தால் இன்னும் தலைவலித் தைலம் மணக்கிறது. இன்று எனக்கு அது தேவைப்பட்டது.

காலையில் நம் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை கொழுந்து அறிக்கையை நீட்டினார். "மழை நாள்லயும் தலைக்கு அதே கிலோ கொழுந்து வருதே. அப்புறம் ஏன் மழைன்னா பறிக்கிறவங்ககிட்ட கிலோவ கொறைச்சுக் கேக்குறோம்? இனிமே எல்லா நாளும் ஒரே கணக்கு."

எல்லா நாளின் சராசரியும் மழை நாளின் சராசரியும் ஒரே எண். புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசம் இல்லை. அது யாரையும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கணினியில் அறிக்கையின் சூத்திரத்தைத் திறந்தேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு யாரோ அதை அழகுபடுத்தியிருக்கிறார்கள். சராசரியை முதலில் கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துவிட்டு, அந்த மாறிக்கு மேல் 'மழை நாள் மட்டும்' என்று வடிகட்டி போட்டிருக்கிறார்கள். வைத்த எண் வைத்ததுதான்; பிறகு எந்த வடிகட்டியும் அதைத் தொடாது. இதே இடத்தில் நாம் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டோமே. கடைசியில் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு நீ சொன்னாய்: "மாறின்னு பேர வச்சிக்கிட்டு மாறவே மாட்டேங்குதுடி, நம்ம லயத்து வீட்டுக் கூரை மாதிரி, எத்தன மனு குடுத்தாலும்."

மாறியை எடுத்துவிட்டு, கணக்கை வடிகட்டிக்குள்ளேயே எழுதினேன். மழை நாளின் சராசரி சரசரவென இறங்கியது. கொண்டுபோய்க் காட்டினால் துரை என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார். "அப்ப இவ்வளவு நாளும் பார்த்தது பொய்யா? இது மட்டும் எப்படி நெசம்?"

தப்பான எண்ணைக் கேள்வியில்லாமல் நம்பியவர், சரியான எண்ணுக்குச் சாட்சி கேட்கிறார். நீயாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "போன வாரம் விடாம பெஞ்ச அன்னைக்கு நீங்கதானே சேர், கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னீங்க. முழுக் கிலோ கொண்டாந்தது யாரு? ஒரு பேர் சொல்லுங்க."

 அவர் திரையில் இருந்த புது எண்ணை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, "சரி, மழைன்னா பழையபடி கொறைச்சே கேப்போம்" என்றார். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு இறங்கிய உன் அம்மா ஆபீஸ் வாசலில் ஒதுங்கி என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் புள்ள மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"உங்க மக பார்த்த வேலைய நான் பாக்குறேன்ல, அதான்."

முந்தானையால் ஈரத் தலையைத் துவட்டினார்கள். பிறகு சொன்னார்கள்: "அவளும் இப்படித்தான் உர்ருன்னு வீட்டுக்கு வருவா."