ராங்கியின் வாலில் இருந்த ரிப்பன்

லாயத்துப் பின்னறை,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் நலம். அவளுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், அதைவிட நன்றாகப் பொய் சொல்கிறாள். உன் கால் வீக்கம் வடிந்ததா? முட்டி மடங்குமா என்று டாக்டர் வாயைத் திறந்து ஏதாவது சொன்னாரா? அண்ணியிடம் போனில் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

போனிலேயே உன்னோடு பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். ஒன்பது நாளாக அதைத்தான் செய்கிறேன். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை தீவன வண்டி டிரைவர் உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நீயே பிரி.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. "ரிப்பன் கட்ட மறந்துட்டேன், என் புத்திய செருப்பால அடிக்கணும். நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத, உன் வேலைய மட்டும் பாரு" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். மறுநாள் மேனேஜர் நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அழுகை நின்றுவிட்டது. இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது. உன் மேலும்தான்.

நீ ரிப்பன் கட்ட மறக்கவில்லை அண்ணா. நீ கட்டினாய். நான் பார்த்தேன்.

"உதைக்கும் குதிரைக்கு அடையாளம் கட்டத் தவறியது என் கவனக்குறைவே. நிர்வாகத்துக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை." இதெல்லாம் உன் வாயில் பிறந்த வார்த்தையா? நீ 'நிர்வாகம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'அந்தாளுங்க' என்றுதான் சொல்வாய். முதலாளி ஆப்பிள் பையோடு வந்தாராம், கட்டிலில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாராம். பதினோரு வருஷத்தில் அவர் உன் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். அதுவும் பேனாவைச் செருகுவதற்கு.

புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கே வந்து உன்னை விசாரிப்பார்கள். அந்தக் காகிதம் அப்படியே நின்றால் இங்கே உன்னைக் கவனக்குறைவுக்காக வேலையை விட்டு நீக்குவார்கள். இந்த அறையும் போகும். உன் காலுக்கு அவர்கள் செய்ய வேண்டியது, அவர்கள் போடும் பிச்சையாகிவிடும். ராங்கியையும் விற்கப்போகிறார்கள். நேற்று ஒருவன் வந்து பார்த்தான். குதிரை வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பான், குளம்பைத் தூக்கிப் பார்ப்பான். இவனோ, அவள் எத்தனை கிலோ இருப்பாள் என்று மட்டும் கேட்டான்.

அன்று சாயங்காலம் கடற்கரைச் சவாரியில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் தெரிந்ததைத் தெரியாததுபோல் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அன்றைக்கு நீ தாமதம். பிள்ளைக்குக் காய்ச்சல். நம் மேனேஜர், அந்த 'சாரி சார்', உன்னைப் பார்த்ததும் வாட்சைத் தட்டிக் காட்டி, "சூரியன் உனக்காக நிக்காதுப்பா" என்றார். விருந்தாளிகளிடம் மூச்சுக்கு மூச்சு சாரி சார் சொல்லும் வாய், காய்ச்சல் எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அவசரத்திலும் முதலில் ராங்கியிடம்தான் போனாய். சிவப்பு ரிப்பனை வாலில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டு, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினாய். விருந்தாளிகள் ஏறும் மரப்படியைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகுதான் சேணம், வார், கால் வைக்கும் அங்கவடி எல்லாம்.

ராங்கியும் சாதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே காப்பி நிறம், ஒரே உயரம், பின்னாலிருந்து பார்த்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஒருத்தியின் காலடியில் குழந்தை தவழலாம். இன்னொருத்தி, நம் ராங்கி, பின்னால் நிழல் விழுந்தாலே உதைப்பாள். பொழுது சாய்ந்தபின் உனக்கே அந்த ஒரு முழ ரிப்பன்தான் கண். அவளை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நீ இரண்டு முறை சொன்னாய். முதலாளி, "ஆறு பேர்னு விளம்பரம் போட்டாச்சு, அஞ்சு குதிரைய வெச்சு என்ன பண்றது? ஒருத்தர நீ முதுகுல தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த விளம்பரமும் நினைவிருக்கட்டும். சூரியன் மறையும் நேரம் குதிரைச் சவாரி, பிறகு மணலிலேயே விருந்து, சிறு குழு, ஆறே பேர், நெருக்கமான மாலை. அவர்களுக்கு நெருக்கம், நமக்கு ஆள் குறைப்பு. முன்பு குதிரைகளோடு மூன்று பேர் நடப்பார்கள். ஆறு பேருக்கு எதற்கு மூன்று பேர் என்று இருவரை அனுப்பிவிட்டார்கள். நீ மட்டும் முன்னால் நடக்கிறாய். நான் ஏற்றிவிட்டு, கூடவே ஓடி, இறங்குவதற்கு முன் ஏப்ரனை மாட்டிக்கொண்டு பரிமாறப் போகிறேன். கடைசிக் குதிரைக்குப் பின்னால் பார்க்க ஆளே இல்லை.

அன்று வந்த ஆறு பேரில் நாலு பேர் தொப்பி வேண்டாம் என்றார்கள், முடி கலைந்துவிடுமாம். தடித்த மனிதர் ஒருவர் இது கடிக்குமா என்று கேட்டார். நீ, "இப்பதான் சார் சாப்பிட்டிச்சு, கவலைப்படாதீங்க" என்றாய். மகள் காய்ச்சலில் கிடக்கும்போதும் உன்னால் அப்படிப் பேச முடிகிறது. நீ முன்னால் போனபின் அவரை ராங்கி மேல் ஏற்றியது நான்தான். அவருடைய மனைவிதான் வெள்ளை உடைக்காரி. அவர்களுக்குக் கல்யாண நாள்.

பாறைக்குப் பக்கத்தில் படம் எடுக்க நிறுத்தினார்கள். ஆறு குதிரைகளும் சூரியனைப் பார்த்து நிற்க, போட்டோக்காரர் பின்னாலிருந்து எடுப்பார். நீ முன்னால், தண்ணீர் ஓரத்தில், முதல் குதிரையின் கயிற்றைப் பிடித்திருந்தாய். கணவனும் மனைவியும் நடுவில் வர வேண்டும் என்று சாரி சார் வரிசையை மாற்றினார். எப்போதும் கடைசியில் நிற்கும் ராங்கி நடுவில் வந்தாள். முதல் படத்தைப் பார்த்ததும் வெள்ளை உடைக்காரி, "அந்தச் செவப்பு மட்டும் கண்ண உறுத்துது. ஒண்ணு எல்லாத்துக்கும் கட்டுங்க, இல்ல அதையும் எடுத்துடுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்களாம்.

சாரி சார் என்னைப் பார்த்து, "அவிழ்த்துடு, ஒரு நிமிஷம்தான்" என்றார். அண்ணனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "அவன் முன்னால இருக்கான். கூப்பிட்டா வரிசை கலையும். படம் எடுத்ததும் கட்டிக்கலாம்" என்றார்.

நான் பக்கவாட்டில் நின்று, அவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உன் இரட்டை முடிச்சை அவிழ்த்தேன்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வரி.

படம் எடுத்து முடிந்தது. ரிப்பனை ஏப்ரன் பையிலிருந்து எடுப்பதற்குள், மேசையில் விளக்கு அணைந்துவிட்டது, சூப் ஆறுகிறது, ஓடு என்றார் சாரி சார். ஓடினேன். மணலில் புதையாமல் இருக்க மேசைக் கால்களுக்கு அடியில் நாம் வைக்கும் பலகை ஒன்று நழுவி, மேசை சாய்ந்து கிடந்தது. நான் குனிந்து பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ரிப்பன் என் பைக்குள் இருந்தது.

அதற்குள் குதிரைகள் இறங்குமிடத்துக்கு வந்துவிட்டன. சாது மேசைப் பக்கம் போய்விட்டாள். இறங்கும்போது தடித்த மனிதருக்கு இடது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. உன் எதிரே மங்கலில் ஒரே ஒரு காப்பி நிற முதுகு. வாலில் ரிப்பன் இல்லை. ரிப்பன் இல்லையென்றால் அது சாது. நீ வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போக வாலைச் சுற்றிப் போனாய். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம்தான் எனக்குக் கேட்டது.

உன்னைத் தீவன வண்டியில் ஏற்றினார்கள். நான் ஏன் கூட வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன் அண்ணா. விருந்தாளி ஒருவர் சாப்பாடு உண்டா இல்லையா என்று கேட்டார். "சாரி சார், ரெண்டே நிமிஷம் சார்" என்று சொல்லி என்னைத் தள்ளினார் மேனேஜர். உன் ரத்தம் கிடந்த மணலை யாரோ காலால் தள்ளி மூடினார்கள். நான் சூப் ஊற்றினேன். வறுத்த மீனுக்கு எலுமிச்சைத் துண்டு வைத்தேன். அவர்கள் நல்லவர்கள்தான், இருவர் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். மறுநாள் ஒருவர் புகார் எழுதியிருந்தார். மேகம் மறைத்ததால் சூரியன் மறைந்தது சரியாகத் தெரியவில்லையாம். அந்தப் புகாருக்கு முதலாளி ஒரு மணி நேரத்தில் பதில் எழுதி மன்னிப்புக் கேட்டார். உன் காலுக்கு நாலு நாள் கழித்து ஆப்பிள்.

அன்று பாத்திரம் கழுவும் இடத்தில் சாரி சார் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீ அவிழ்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன், பயப்படாத. வீட்டுல ஒருத்தருக்காவது வேலை வேணும்ல?" என்றார். அவர் சொல்லி நான் அவிழ்த்ததை, எனக்காக அவர் மறைக்கிறாராம். அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? நான் தலையை ஆட்டினேன். தேங்க்ஸ் சார் என்றும் சொன்னேன். அப்புறம் உன்னிடம் போய், "வாலில ரிப்பனே இல்லையேப்பா, நீ கட்டலையா?" என்று கேட்டதும் அதே வாய்தான்.

இரண்டாவதாக எடுத்த படம், ரிப்பன் இல்லாத படம், இப்போது வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் துடைப்பது என் வேலை. நேற்று துடைக்கும்போது துணியைப் போட்டுவிட்டு நேரே போட்டோக்காரர் கடைக்குப் போனேன். தயங்கினார். பிறகு மூன்று படம் பிரதி போட்டுக் கொடுத்தார். முதல் படத்தில் ரிப்பன் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை. நடுவில் உள்ளது அவர் தெரியாமல் அழுத்திவிட்ட படம். அதில் ராங்கியின் வாலில் என் கை இருக்கிறது. பக்கத்தில் சாரி சார் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்று படத்தையும் ரிப்பனையும் கொண்டுவருகிறேன். விசாரிக்க வருகிறவர்கள் முன்னால் என் வாயாலேயே சொல்வேன். என் வேலை போகும், போகட்டும். இந்த அறையை நம்பித்தான் நாம் இவ்வளவு நாள் வாயை மூடினோம். மழைக்கு ஒழுகும் அறை. டிரைவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையையும் கூட்டிவருகிறேன். அண்ணி என்னைத் திட்டட்டும். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ராங்கியின் வாலில் இன்று பழைய துணியைக் கிழித்து ஒரு சிவப்பு முடிச்சு போட்டிருக்கிறேன். சாரி சார் பார்த்தார். வாட்சைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் காகிதத்தில் உள்ளது உண்மை இல்லை என்று சொல். உன் வார்த்தையிலேயே சொல், அந்தாளுங்க எழுதிக் கொடுத்தது என்று சொல்.

இன்னொன்று. நடுப்படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் சூரியனைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் கையைத்தான் பார்க்கிறான். ராத்திரியெல்லாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பார்த்தாயா அண்ணா? நான் அவிழ்த்ததைப் பார்த்துவிட்டு, எப்படியும் திரும்பக் கட்டியிருப்பேன், ரிப்பன் இல்லாதவள் சாதுதான் என்று நம்பித்தான் அவள் பின்னால் போனாயா? அதற்காகத்தான் மறந்துவிட்டேன் என்று எழுதினாயா, என்னை வாயைத் திறக்காதே என்றாயா?

பார்த்திருந்தால் எனக்குப் பதில் எழுதாதே. என்னால் படிக்க முடியாது. புதன்கிழமை நான் அறைக்குள் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

காலுக்குத் தலையணை வைத்துப் படு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. உன் முட்டி நன்றாக மடங்கட்டும், நீ பழையபடி நடக்க வேண்டும்.

என்னை நம்பிப் போனவனுக்கு முடிச்சை மறுபடி கட்டாமல் விட்ட,
உன் தங்கை.