உனக்கு யார் கஞ்சி வைப்பது

மரியே வாழ்க

அட்டுவம்பட்டி, கொடைக்கானல்
9-1-1979

அன்பு மகன் சிலுவைராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் இந்தக் குளிரிலும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை இந்தத் தடவை உன்னிடம் கேட்கப் போவதில்லை. பிலாய்க்கு வேலைக்குப் போன நாளிலிருந்து எல்லாக் கடிதத்திலும் நல்ல சுகம், கவலைப்பட வேண்டாம் என்றே எழுதுகிறாய். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் ரூமில் இருக்கும் குமாரவேலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வருகிறேன் என்று நீ எழுதியிருந்ததால், ஓட்டலில் என் சமையல் சோலியைச் சின்னச்சாமியிடம் விட்டுவிட்டு மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மூடுபனி இறங்கி எதிரே இருக்கும் கடைகூடத் தெரியவில்லை. வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் முகம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அம்மா உனக்குப் பின்னிக்கொடுத்த பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. ஏலே ராசு என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தோளைப் பிடித்துவிட்டேன். திரும்பியது வேறு முகம். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, கன்னம் ஒட்டிப்போன ஒரு பையன். "நான் குமாரவேலுங்க, கூக்கால் ஊரு. அண்ணன் வரலைங்க. அவரு லீவுலதான் நான் வந்திருக்கேன்" என்றான். எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. அந்த ஸ்வெட்டரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்குக் கூக்காலுக்கு இனி பஸ் கிடையாது என்பதால் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்த பிறகும் அவனுக்குப் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உனக்காக வைத்த கறிக்குழம்பு காமாலைக்காரனுக்கு ஆகாது என்று அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்தாள். குழம்பை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். குமாரவேல் கஞ்சியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவன் காமாலையில் கிடந்தபோது வேலை முடிந்து வந்து அவனைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப் போட்டாயாம். ஒரு ஆளுக்குத்தான் லீவு என்று மேஸ்திரி சொன்னதும் உன் லீவை அவனுக்கு விட்டுக்கொடுத்து, உங்க அம்மாகிட்டப் போயி ஒடம்பத் தேத்திட்டு வாலே என்று உன் ஸ்வெட்டரையும் மாட்டிவிட்டு ரயில் ஏற்றிவிட்டாயாம். உங்கள் ரூமில் இருக்கும் பொன்னுவேல் குடித்துவிட்டு வந்தால் முகத்தைக் கழுவிப் படுக்க வைப்பதும் நீதானாம், மறுநாள் அவனை உட்கார வைத்து வீட்டுக்கு உண்மையாகக் கடிதம் எழுதச் சொல்வதும் நீதானாம். ரூமில் எல்லோரும் உன்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறார்களாமே. அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள், "அவனுக்குக் காச்சலு வந்தா யாருய்யா கஞ்சி வப்பீக?"

குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "மழைக்காலத்துல ஒருக்கா வந்துச்சும்மா. அண்ணன் சொல்லவே இல்ல. எங்களுக்குச் சோறு வடிச்சு வச்சிட்டுப் படுத்துட்டாரு. அசந்து தூங்குறாருன்னு நாங்க பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிட்டோம். மறுநா தொட்டுப் பாத்தாத்தான் ஒடம்பு அனலாக் கொதிக்குது." அம்மா எழுந்தாள். அடுப்படிக்குள் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை அவனைக் கூக்கால் பஸ் ஏற்றிவிட்டேன். போன வாரம் உடம்பு தேறி, அவன் தாயார் வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா மலைப்பூண்டு ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க பெத்த பிள்ளதான் தாயி எம்பிள்ளையக் காப்பாத்துச்சு" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அம்மா அழவில்லை. வீரம்மாள் தன் சேலைத் தலைப்பால் மகன் நெற்றியைத் துடைத்துவிட்டதை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா ஊருக்குப் போன பிறகு என்னிடம் வந்து, "எம்பிள்ள மொகம் எனக்கு மறந்துபோகும் போலிருக்குங்க" என்று சொல்லித்தான் அழுதாள்.

குமாரவேல் தாயாரோடு ஊருக்குப் போகவில்லை. ரயிலுக்குப் போகும்வரை இங்கேயே இருக்கிறேன், எனக்குச் சமைக்கக் கத்துக்குடுங்கம்மா என்று அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்துத் தெருவெல்லாம் நாறியது. அம்மா அவனை ஏசின ஏச்சு உன்னை ஏசுகிற மாதிரியே இருந்தது, வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் சத்தம் கேட்டது. இப்போது மிளகு ரசம் ஒருவாறு வைக்கிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுத்துவிடுகிறேன்.

ராசு, நானும் ஊராருக்குச் சமைத்துப் போடுகிறவன். சமைக்கிறவன் சாப்பிட்டானா என்று யாரும் கேட்பதில்லை. அது அவர்கள் குற்றமில்லை, நாம்தான் கேட்க விடுவதில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாதே என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அது பெருமைதான். ஆனால் உன்னை ஆத்தா என்று கூப்பிட அங்கே இத்தனை பேர் இருக்கும்போது, நீ ஆத்தா என்று கூப்பிட ஒருத்தி இங்கே காத்துக் கெடக்கா. ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பார். கிடைத்தால் இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் நீயே புறப்பட்டு வா.

மாதா உன்னையும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளையும் கண்போல் காக்கட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கே வந்து சேர்ந்ததும் குமாரவேல் அடுப்பைப் பற்றவைப்பான். உப்புக் கூடும், இல்லை குறையும். நீ எழுந்துபோய்ச் சரிபண்ணாதே. உட்கார்ந்து சாப்பிடு.

இப்படிக்கு
உன்னைப் பார்க்க ஏங்கும் அப்பா
ம. கஸ்பார்