விடியாத ஒன்பது மணி

14 டிசம்பர் 1996, சனி. மவுண்ட் ரோஸ்கில்.

தங்கை வாசுகிக்குக் கலியாணம் பேசியிருக்கும் ரமணன், மேற்குச் சீனாவில் கஷ்கர் என்ற ஊரில் பாலம் கட்டுகிற என்ஜினியராம். இன்று இங்கே மதியம் இரண்டு மணிக்கு முதன்முறையாக எனக்கு போன் எடுத்தான்.

"இங்க காலமை ஒன்பது மணி அண்ணை. இன்னும் விடியேல்லை. லைட் போட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறன்."

ஒன்பது மணிக்கு எந்த ஊரில் இருட்டு? வேறெங்கோ இருந்துகொண்டு புளுகுகிறான். போனை வைத்ததும் வாசுகியிடம் சொன்னேன்: "ஆள் கள்ளன். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அவள் சிரித்தாள். "சீனா முழுக்க பீஜிங் நேரம்தான் அண்ணா. கஷ்கர் மேற்குக் கோடி. மாரிக் குளிரில பத்து மணிக்குத்தான் விடியுமாம். எப்பவோ எனக்கு எழுதினவர்."

அட்லஸைப் பார்த்தேன். சரிதான்.

ஆனால் எங்கள் தபால்பெட்டியைத் தினமும் திறப்பவன் நான். ஒரு சீனத் தபால்தலையைக்கூடக் கண்டதில்லை. அவன் எந்த விலாசத்துக்கு எழுதுகிறான்?