மிதித்தால் பாட்டு, நின்றால் நான்

மார்ச் 4, புதன்

வாடகை சைக்கிள் ஹாலுக்கு வந்துவிட்டது. பெடல் உண்டு, இருக்கை உண்டு, எங்கும் போகாது. இவருக்கேற்ற வண்டி. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து, முழங்கால் சில்லை உடைத்துக்கொண்ட வீரர். ஆபரேஷன் முடிந்தும் கால் மடங்கவில்லை. மாதக் கடைசிக்குள் மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்குவாராம். கேட்டுவிட்டு இவர் பேப்பரைப் பிரித்தார். போன தடவை ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது நான்தானே, அவருக்கென்ன.

மார்ச் 7

"வலிக்குதும்மா" என்கிறார். சைக்கிள் மேல் துண்டு காய்கிறது.

மார்ச் 9, திங்கள்

பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிப் பெண் வந்தாள்.

"அங்கிளுக்குப் பிடிச்ச பாட்டை மிதிக்கும்போது மட்டும் போடுங்க ஆன்ட்டி. கால் நின்னா பாட்டும் நிக்கணும். பாட்டு வேணுங்கறதுக்காகவே கால் தானா போகும்."

"நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரியா?"

"மெதுவா பேசுங்க, கேட்டுடப் போகுது."

முதலில் அவளே ஒரு தடதடப் பாட்டைப் போட்டாள். இவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் காதலில் தோற்றவன் புலம்பும் பாட்டு ஒன்றைப் போட்டேன். கால் அசைந்தது. முப்பது வருஷமாக என்னோடு குடும்பம் நடத்தும் மனுஷனுக்கு எந்தக் காதல் தோற்றது? கேட்கவில்லை. மிதிக்கட்டும்.

மார்ச் 13

திருட்டு வழி கண்டுபிடித்துவிட்டார். நான் பாட்டை நிறுத்தினால், கண்ணை மூடி மிச்சத்தை மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொள்கிறார். கால் சும்மா தொங்குகிறது. வந்த ஆத்திரத்தில், விட்ட இடத்திலிருந்து நானே எடுத்துப் பாடினேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட குரல் இது. இரண்டாவது வரிக்குள் பெடல் சுழன்றது.

"போதும்மா, மிதிக்கறேன். மெஷின் பாட்டையே போடு."

அப்படியா சங்கதி.

மார்ச் 18

மேல்வீட்டு அக்கா படியில் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டு மிக்ஸி ரிப்பேரா?" அவளும் அவள் மருமகளும் போடும் சண்டை தெருமுனைவரை கேட்கிறது. நான் ஏதாவது கேட்டேனா? ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 22

வலிக்குப் பயந்தவர் என் குரலுக்குப் பயந்து வலியைத் தாங்குகிறார். பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னபோது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எழுதும்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை — அத்தனை மோசமா?

மார்ச் 30

டாக்டர் அளந்து பார்த்தார். மயக்க மருந்து வேண்டாமாம். ஆட்டோவில் இவர் காலை மடக்கி உள்ளே வைத்தார். நான் மறுபக்கம் வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சைக்கிளைத் திருப்பி அனுப்பலாமா என்றேன். இருக்கட்டும் என்றார்.

சாயங்காலம் சமையலறையில் இருந்தபோது பெடல் சத்தம் நின்றது. பழக்க தோஷம், கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாட்டை நிறுத்தினேன். பாடவில்லை. இனி எதற்கு? வந்து காய் நறுக்க உட்கார்ந்தேன்.

"என்னாச்சு?" ஹாலிலிருந்து.

"என்னங்க என்னாச்சு? அதான் கால் சரியாயிடுச்சே."

பெடல் அரைச்சுற்று சுழன்று நின்றது.

"அந்த ரெண்டாவது வரியை நீ வேற மாதிரி இழுப்பே. அதுக்குத்தான் நிறுத்தினேன்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

மேல்வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது.