வலை வீசப் பழக்கிய பேஸ்போல் கோச்சுக்கு

என்ரை அன்பு அண்ணைக்கு,

உங்கடை முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்தது. பூசைக்கு வந்த ஆட்களும் போய்விட்டார்கள். வீடு அடங்கிவிட்டது, நான்தான் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் திரிகிறேன். வாசல் படலைவரை போகிறேன், திரும்பி வருகிறேன். "காலிலை சக்கரமோ?" என்று அம்மா ஏசுகிறா.

சனிக்கிழமை வரப்போகுதே, அண்ணை. அதை உங்களுக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்ல?

கல்லூரி பேஸ்போல் அணியில் பந்து எறிகிற பொடியளுக்கு நீங்கள் கோச்சாகப் போன புதிதில் எங்கடை குருநகர் ஊரே சிரித்தது ஞாபகமா? கொழும்பில் வேலை செய்தபோது பழகிய விளையாட்டு, இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. நீங்களோ பொடியளை எங்கடை கடற்கரைக்குக் கூட்டிவந்து, முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, அப்பாவின்ரை வீச்சுவலையைக் கையில் கொடுத்தீர்கள். வலை வட்டமாக விரிந்து விழும்வரை பந்து கிடையாது.

"கையாலை எறியாதை, இடுப்பாலை எறி. கை தன்ரை பாட்டிலை வரும்."

இணுவிலிலிருந்து வருகிற கஜன் வலையோடு தானும் விழுந்த அன்று அவனுடைய தகப்பன் வந்துவிட்டார். "தம்பி, நாங்கள் மச்சம் மாமிசம் தொடாத ஆக்கள். பிள்ளை மீன்வலையோடை நிக்கிறான்."

"வலை மட்டும்தான் பிள்ளைக்கு, ஐயா. மீன் எங்களுக்கு," என்றீர்கள். அந்த மனிதர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு.

வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராமல், பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்த காலம் அது. பொடியள் கிழித்த வலையை நான்தான் பொத்துவேன். பின்னேரங்களில் நீங்கள் எறிகிற பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவேன். அதற்கு வாய் திறந்து கதைக்கத் தேவையில்லை.

போன கிழமை பொடியள் படலையில் வந்து நின்றார்கள். "அக்கா, வலையை ஒருக்காத் தருவீங்களோ?"

கடற்கரையில் எல்லாரும் வீசினார்கள். வலை கட்டியாகவே விழுந்தது. எனக்குக் காரணம் தெரிந்தது. கை விடுகிற நேரத்தில் பின்னால் நின்று "இப்ப" என்று சொல்ல நீங்கள் இல்லை. அந்தக் குரலுக்குக் காத்திருந்து, எல்லாரும் வலையைப் பிந்தி விட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலையை வாங்கி வீசிக் காட்டினேன். விரிந்தது.

"கோச் உங்களுக்கும் பழக்கினவரோ?" என்று கஜன் கேட்டான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் போய்ச் சொல்லி, அடுத்த நாளே அணிக்குப் பொறுப்பான வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். "சனிக்கிழமை மைதானத்துக்கு வாரும், பிள்ளை. எறியிறவங்களுக்குப் பின்னாலை நிண்டு, அண்ணையைப் போலை 'இப்ப' எண்டு சொன்னால் போதும். ஆள் இல்லையெண்டால், உம்மடை அண்ணையின்ரை இந்த முறையை விடவேண்டியதுதான்."

அம்மா என்னைப் பார்த்தா. "வீட்டிலையே வாய் திறக்காதது, அவ்வளவு ஆம்பிளைப் பொடியளுக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லப்போகுது?"

அது பொய்யில்லையே, அண்ணை. அங்கே போய்க் குரல் வராவிட்டால்? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் காத்து நிற்பார்களே. முதல் நாள் உங்களுக்கும் பயமாக இருந்ததா? அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும் என்று தெரிந்திருந்தால் கேட்டு வைத்திருப்பேன்.

நேற்றுப் பின்னேரம் ஆளில்லாத பக்கமாகப் போய் வலையை வீசி, விடுகிற நேரத்தில் "இப்ப" என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். தூரத்தில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"ஆரைப் பிள்ளை கூப்பிட்டனி?"

"ஒருத்தரையும் இல்லை, அப்பா."

என் கையிலிருந்த வலையைப் பார்த்தார். "எதிர்க்காத்து அடிக்குது. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு," என்றுவிட்டுக் குனிந்தார்.

சனிக்கிழமை போறன், அண்ணை. வேறொன்றும் கதைக்கமாட்டேன். அந்த ஒரு சொல்லை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், கஜனுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவேன்.

நீங்கள் எறிந்த பந்தையெல்லாம் பிடித்த
உங்கடை தங்கச்சி