பத்தடி ஹோலும் மூன்று ஸ்பீக்கரும்

2025 யூலை 6, ஞாயிறு

ஹோலை அளந்தேன். நீளம் பதினொன்றரை அடி, அகலம் பத்து. அதற்குள் இரண்டு வாசல், ஒரு ஜன்னல், ஒரு செற்றி, மனைவி பஸ்லியாவின் கண்ணாடி அலுமாரி. டோஹாவில் நான் ஸ்பீக்கர் பூட்டிய வீடுகளில் செருப்புக் கழற்றும் இடமே இதைவிடப் பெரிது.

வீடு பஸ்லியாவின் சீதனம். மாமியின் ஒரே வளவை மூன்று பெண்மக்களுக்கும் பிரித்து மூன்று வீடு கட்டினால் ஹோல் இந்த அளவில்தான் வரும். மாப்பிள்ளையாக வந்தவன் சுவரில் ஆணி அடிக்க மனைவியைக் கேட்க வேண்டும். கேட்டேன். "அடிங்க. ஆனா அலுமாரிய அசைக்கப்படா" என்றாள்.

பதினொரு வருடம் அடுத்தவன் வீட்டு ஹோலுக்கே உழைத்தாயிற்று. பாண்டிருப்பு சுஜிந்தன் தன் புது வீட்டுக்கு ஹோம் தியேட்டர் பூட்ட ஆள் தேடுகிறான். 19ஆம் திகதி இங்கே வந்து, நான் பூட்டி வைப்பதைக் கேட்டுப் பார்த்து முடிவு சொல்வான். அந்த வேலை கிடைத்தால் ஊரிலேயே தொழில் தொடங்கிவிடலாம். இல்லாவிட்டால் மாத முடிவுக்குள் ஏஜென்சிக்காரருக்கு ஓம் சொல்லிவிட்டு மறுபடியும் டோஹா. றிபாவுக்கு ஒன்பது வயது. மகளோடு நான் இருந்த நாட்களைக் கூட்டினால் பதினாறு மாதம் வராது.

கிடைக்கும். இந்தக் கரையில் என்னைவிட இந்த வேலை தெரிந்தவன் யார்?

யூலை 8, செவ்வாய்

கல்முனை பஜாரில் கடைக்காரர் ஆளுயரப் பெட்டிகளைக் காட்டினார். நீலமும் சிவப்புமாக விளக்கு வேறு. "ஏழு ஸ்பீக்கர். போட்டா ஊரே அதிரும்" என்றார்.

"ஊர் அதிர வேணாம் காக்கா. கதைக்கிறது விளங்கினாப் போதும்."

ஒரு முழம்கூட வராத இரண்டு ஸ்பீக்கர், பேச்சுக்காக நடுவில் வைக்க ஒன்று, சின்னதாக ஒரு பேஸ் பெட்டி. அவ்வளவுதான். பின்பக்க ஸ்பீக்கர் வேண்டாம் என்றேன். இந்த அறையில் அது பிடரியில் நின்று கத்தும். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கஞ்சன் என்ற சொல் இருந்தது. எதை வாங்காமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான் கெட்டித்தனம், அது அவருக்கு விளங்காது.

யூலை 10, வியாழன்

பேஸ் பெட்டியைச் செற்றியில் தூக்கி வைத்துப் பாட விட்டு, நான் தரையில் நான்கு காலில் தவழ்ந்தேன். எந்த இடத்தில் காதை வைத்தால் அடித்தொனி குழம்பாமல் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்குரிய இடம். அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அபூசாலி ஹாஜியார் மருமகனை இந்தக் கோலத்தில் முன்பு கண்டதில்லை.

"என்ன மகன் துலச்சிட்டீங்க?"

"ஒண்டுமில்ல மாமா. சத்தத்தத் தேடுறன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பதினொரு வரியமா இதுக்கா சம்பளம் தந்தானுகள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இடம் கிடைத்தது. ஜன்னல் மூலையிலிருந்து ஒன்றேகால் அடி. மற்ற ஸ்பீக்கர்களைச் செற்றியில் இருப்பவரின் காது உயரத்தில் வைத்து, அவற்றின் முகத்தைச் செற்றிப் பக்கம் திருப்பினேன்.

யூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கூட்டாளிமார் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு படத்தில் மழைக் கட்டம் போட்டுக் காட்டினேன். ஒருவன் எழும்பி ஜன்னலைச் சாத்தப் போனான். வெளியே கொழுத்தும் வெயில்! இதைவிட எனக்கு வேறென்ன சேர்டிபிகேட் வேண்டும்? பஸ்லியா உள்ளறையிலிருந்து தேத்தண்ணி அனுப்பினாள்.

யூலை 15, செவ்வாய்

வலது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை நகர்த்தினேன். இப்போது சரி. மிகச் சரி.

யூலை 19, சனி

சுஜிந்தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். வினோஜா, பள்ளிக்கூட ரீச்சர். அவன் என்னோடு ஹோலில் இருந்தான். வெளி ஆம்பிளை வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான். பஸ்லியா வினோஜாவையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

அதே மழைக் கட்டம். மழைக்குள் ஓர் ஆணும் பெண்ணும் மெதுவாகக் கதைப்பார்கள். சுஜிந்தன் செற்றியின் நுனிக்கே வந்துவிட்டான். "நானா, காதுக்குப் பக்கத்துல நிண்டு கதைக்கிற மாதிரி இரிக்கி." நான் பெரிய ஆள் மாதிரிச் செற்றியில் சாய்ந்துகொண்டேன்.

பிறகு வினோஜா வெளியே வந்தாள். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. டும் டும் எண்டு இடிச்சிச்சு, அவ்வளவுதான். எங்கட வீட்டிலயும் பாதி நேரம் நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டுதானே நிப்பன்?"

சுஜிந்தனின் முகம் மாறியது. "யோசிச்சுச் சொல்றம் நானா." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அவர்கள் போனதும் பஸ்லியாவிடம் பாய்ந்தேன். "உள்ள அப்பிடியா கேக்குது?"

"ஓம். முதல் நாள் தொடங்கி அப்பிடித்தான்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

கேக்கல்லயாம். சொன்னா வாய் தேய்ஞ்சா போகும்? நான் ஒரு கிழமையாத் தரையில தவண்டு திரியிறன், இவ உள்ளுக்க இரிந்து பாத்துக்கிட்டு —

இல்லை. அவள் சொல்லவில்லை, சரி. நான் ஏன் கேட்கவில்லை?

யூலை 20, ஞாயிறு

உள்ளறையில் பஸ்லியாவின் கதிரையில் இருந்து கேட்டேன். வினோஜா சொன்னது உண்மை. அடித்தொனி வாசலைச் சுற்றி வளைந்து உள்ளே வந்துவிடுகிறது. பேச்சு வளையாது. அது நேரே போய்ச் செற்றியில் முடிந்துவிடுகிறது.

இது எனக்குத் தெரியாத பாடமும் இல்லை. டோஹாவில் நான் பூட்டியதெல்லாம் ஆண்கள் கூடும் மஜ்லிஸுக்கு. பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று எந்த வரைபடத்திலும் போட்டிருக்கவில்லை, நானும் விசாரித்ததில்லை. அதே மஜ்லிஸைக் கொண்டுவந்து என் பெண்சாதியின் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பஸ்லியாவிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

யூலை 22, செவ்வாய்

"அலுமாரிய அங்கால தள்ளுங்க." சொன்னது பஸ்லியாதான்!

டீவி இப்போது உள்ளறை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில். செற்றியும் கதிரையும் ஒரே திசையைப் பார்க்கின்றன. தடித்த திரைச்சீலைக்குப் பதிலாக மெல்லிய வொயில் துணி. ஆள் தெரியாது, சத்தம் வரும்.

பிறகு அவள் உள்ளே இருந்து சொல்லச் சொல்ல நான் ஸ்பீக்கரை நகர்த்தினேன். "இன்னும் இஞ்சால. கூடிட்டு. இப்ப பல்லுக் கூசுற மாதிரி இரிக்கி. ம்... இப்ப ஆள் முன்னால நிண்டு கதைக்கிறார்." மீற்றர் வைத்து அரை மணித்தியாலம் அளந்தாலும் எனக்குப் பிடிபடாததை அவள் உட்கார்ந்த இடத்தில் பிடித்தாள். என் காதைவிட நல்ல காது. பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, பொய் எழுதி என்ன?

யூலை 26, சனி

சுஜிந்தனையும் மனைவியையும் நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன். முதலில் வினோஜாவை உள்ளறையில் இருத்திவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். முடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "படத்துல அந்தப் பொம்பிளை பொய் சொல்றா. மழைக்குள்ளயும் குரல்ல விளங்குது."

சுஜிந்தன் என்னைப் பார்த்தான். "எப்ப தொடங்குவீங்க நானா?"

யூலை 29, செவ்வாய்

ஏஜென்சிக்காரரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். "அப்ப பெருநாளைக்கும் நிப்பீங்களா வாப்பா?" என்றாள் றிபா. ஓம் மகள் என்றேன். ஒருமுறை போதாமல் மூன்று முறை சொன்னேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு பெண் போனில் கதைத்தார். சுஜிந்தனின் பாண்டிருப்பு வீட்டில் நான் பூட்டியதைக் கேட்டுப் பார்த்தாராம். என் டோஹா அனுபவத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை.

"உங்கட பொஞ்சாதியும் வருவாவா? அவ உள்ளுக்க இரிந்து கேட்டுச் சொன்னாத்தான் சரி வரும் எண்டு வினோஜா ரீச்சர் சொன்னா."

போனைப் பஸ்லியாவிடம் கொடுத்தேன். சலாம் சொன்னாள். என் கொப்பியை இழுத்து, பேனையைத் திறந்துகொண்டு, முதல் கேள்வியைக் கேட்டாள்.

"படம் பாக்கக்குள்ள நீங்க எங்க இரிப்பீங்க?"