வண்டிக்குதிரை பெற்ற சாம்பியன்

அன்புள்ள அக்கா,

தடை தாண்டும் சாம்பியன் பெண்குதிரையின் கருவை ஒரு வண்டிக்குதிரையின் வயிற்றில் வைத்தேனே, நேற்று குட்டி பிறந்துவிட்டது. பெருமை தாங்காத முதலாளி சாம்பியனையே லாயத்துக்கு அழைத்து வந்து, "பாரும்மா, உன் புள்ள!" என்றார். அது ஒருமுறை முகர்ந்துவிட்டுப் புல் தின்னப் போய்விட்டது.

குட்டியைத் தடவக் குனிந்தவரின் கால்சட்டையை வண்டிக்குதிரை பின்னாலிருந்து கவ்விக் கிழித்தது. கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு, "டாக்டரம்மா, இதுல யாருதான் அம்மா?" என்றார்.

"கடிச்சது ஒரு அம்மா, கடிக்காதது ஒரு அம்மா" என்றேன்.

அவர் போனதும் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பில்தான் என்று வைத்துக்கொள்.

எங்கள் குழந்தையை உன் வயிற்றில் சுமக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் பதிலே எழுதவில்லை. சனிக்கிழமை நானும் என் கணவரும் வருகிறோம். வாந்தி உனக்கு, வாளி பிடிப்பது நான்.

உன் தங்கை